மறைந்த எழுத்தாளரின் நூல்களைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவது எப்படி? குடும்பத்தாருக்கான வழிகாட்டி

என் தந்தை எழுதிய நூல்களில் ஒன்றுகூட இன்று கடையில் கிடைக்காது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அச்சிடலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று அறிவித்து (இந்தப் பொது அனுமதியைத்தான் கட்டற்ற உரிமம் என்கிறார்கள்) அவற்றை இணையத்தில் வைத்துவிட வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் மறுப்பு இல்லை. அப்படியிருந்தும் வேலை முடிய ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்கேன் செய்தது சில வார வேலைதான். மீதிக் காலமெல்லாம் யார் கையெழுத்துப் போட வேண்டும், எந்த வாசகத்தில் போட வேண்டும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வதில் போனது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம்.

ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் தாள்களைச் சேருங்கள். உரிமை யாரிடம் இருக்கிறது என்பது தெளியாமல் பதிவேற்றிய நூல், என்றைக்கு வேண்டுமானாலும் நீக்கப்படலாம். அதைச் சரிபார்த்துக் கொடுத்த தன்னார்வலர்களின் உழைப்பும் அதோடு போய்விடும்.

1. காலக்கணக்கைப் போடுங்கள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-இல் தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1965-இல் எந்த மாதம் மறைந்திருந்தாலும் 2025 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. 2026 ஜனவரி 1 முதல் அது பொதுச்சொத்து, யாரிடமும் கேட்காமல் எவரும் பயன்படுத்தலாம்.

மூன்று இடங்களில் இந்தக் கணக்கு மாறும். இருவர் சேர்ந்து எழுதிய நூல் என்றால், கடைசியாக மறைந்தவரின் ஆண்டைக் கொள்ள வேண்டும். எழுத்தாளர் மறைந்த பிறகு முதன்முதலாக வெளியான நூலுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். புனைபெயரில் எழுதி, அது யார் என்று வெளியே தெரியாமலே இருந்தால், அதற்கும் வெளியான ஆண்டுதான் கணக்கு.

இது இந்தியாவில் வெளியான நூல்களுக்கு. இலங்கையில் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள், மலேசியாவில் 50, சிங்கப்பூரில் 70. உங்கள் தாத்தா யாழ்ப்பாணத்தில் பதிப்பித்தவர் என்றால் மேலே சொன்ன கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. பாரதியார், பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் என்று தொடங்கி அந்தப் பட்டியல் நீளமானது. உங்கள் குடும்ப எழுத்தாளர் அதில் இருக்கிறாரா என்று தமிழ் வளர்ச்சித் துறையின் பட்டியலில் முதலில் பாருங்கள். இல்லையென்றால், அரசுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்றும் இப்போதே பேசிவிடுங்கள். நாட்டுடைமையாக்கும்போது குடும்பத்துக்குப் பரிவுத்தொகை தரப்படுகிறது. கட்டற்ற உரிமம் கொடுத்து முடித்த பிறகு அந்தப் பேச்சு எழுந்தால் வீட்டில் மனக்கசப்புதான் மிஞ்சும்.

அடுத்து, பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். நூலின் ஸ்கேனை ஏற்றப்போவது விக்கிமீடியா பொதுவகத்தில், அதாவது விக்கிப்பீடியா குடும்பத்தைச் சேர்ந்த கோப்புக் களஞ்சியத்தில். அதன் வழங்கிகள் (சர்வர்கள்) அமெரிக்காவில் இருப்பதால், நூல் தன் நாட்டிலும் அமெரிக்காவிலும் உரிமை நீங்கியதாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. 1996 ஜனவரி 1 அன்று சொந்த நாட்டில் உரிமை உயிரோடு இருந்த வெளிநாட்டு நூல்களுக்கு, அமெரிக்கா தன் மண்ணிலும் உரிமையைத் திரும்பக் கொடுத்தது. வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் அது நீடிக்கும். 1941-இலும் அதற்குப் பிறகும் மறைந்த இந்திய எழுத்தாளர்கள் எல்லோரும் இதில் வருவார்கள். ஆகவே 1950-இல் வந்த ஒரு நாவலின் ஆசிரியர் 1960-இல் மறைந்திருந்தால், இந்தியாவில் அது பொதுச்சொத்து. அமெரிக்காவில் 2045 கடைசி வரை உரிமை உள்ளது. யாராவது இதைச் சுட்டிக்காட்டினால் கோப்பு நீக்கப்படலாம்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. 60 ஆண்டுகள் கடந்துவிட்டாலும் வாரிசுகளிடம் எழுதி வாங்கிவிடுங்கள். அவர்கள் கொடுக்கும் உரிமம் எல்லா நாடுகளுக்கும் செல்லும். பிறகு அமெரிக்கக் கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

2. பழைய ஒப்பந்தத்தைத் தேடுங்கள்

எழுத்தாளர் உரிமையை ஏற்கெனவே பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால், உங்களிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. எனவே பழைய கடிதங்கள், ராயல்டி ரசீதுகள், ஒப்பந்த நகல்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். புத்தகத்தின் முதல் பக்கங்களில் 'உரிமை ஆசிரியருக்கு' என்று இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். உங்களுக்கு மிகவும் உதவும் ஆதாரம் அது.

சட்டத்தின் 19-ஆம் பிரிவு உங்களுக்குப் பல விதங்களில் துணை நிற்கிறது. பதிப்புரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். 'ஐயா வாய்மொழியாக எங்களுக்கே கொடுத்துவிட்டார்' என்பது செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும்.

ஆனால் காலம் பற்றியும் நாடு பற்றியும் ஓராண்டு பற்றியும் சொல்லும் இந்த விதிகள் 1994-இல் வந்த திருத்தத்தின் பகுதி. அந்தத் திருத்தம் 1995 மே 10-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு இவை பொருந்தா. 1970-களில் ஒரு தொகை வாங்கிக்கொண்டு 'சகல உரிமையும்' என்று எழுதிக் கொடுத்த தாள் ஒன்று கையில் கிடைத்தால், பதிப்பகத்தின் சம்மதக் கடிதம் இல்லாமல் மேலே போகாதீர்கள். இந்த முழு வேலையிலும் வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுப்பது தகும் என்று நான் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

பத்திரிகையில் தொடராக வந்த கதை என்றால்? எழுத்தாளர் அந்தப் பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்றாலும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டுமே நிறுவனத்துக்கு. நூலாக்கும் உரிமை எழுத்தாளருக்கே. வெளியிலிருந்து எழுதி அனுப்பியவர் என்றால் இன்னும் தெளிவு.

பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இன்ன நூல்களை இன்ன உரிமத்தில் வெளியிடப் போகிறோம், உங்களிடம் உரிமை மாற்ற ஒப்பந்தம் இருந்தால் நகல் அனுப்புங்கள் என்று சுருக்கமாக. விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். எங்களுக்கு ஒரு பதிப்பகத்திலிருந்து தொலைபேசியில் 'உரிமை எங்களிடம்தான்' என்று சொன்னார்கள். நகல் கேட்டு எழுதியதும் பேச்சு நின்றுவிட்டது. தொலைபேசிப் பேச்சை நம்பி நிறுத்தியும் விடாதீர்கள், தொடங்கியும் விடாதீர்கள். எல்லாம் எழுத்தில் வரட்டும்.

சமீப ஆண்டுகளில் நீங்களோ உறவினரோ அந்த நூலைக் கிண்டிலில் ஏற்றியிருந்தால் அதையும் பாருங்கள். அமேசானின் கேடிபி செலக்ட் என்ற பிரத்தியேக விற்பனைத் திட்டத்தில் சேர்த்திருந்தால், அதன் மின்வடிவத்தை வேறெங்கும், இலவசமாகக்கூட, தரக்கூடாது. திட்டம் 90 நாட்களுக்கு ஒருமுறை தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, நடக்கும் 90 நாட்கள் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஒலிநூல் செயலிகளோடு போட்ட ஒப்பந்தங்களிலும் 'பிரத்தியேக' என்ற சொல் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

3. வாரிசுகள் அனைவரின் கையெழுத்தும் வேண்டும்

பதிப்புரிமை ஒரு சொத்து. வீடு, நிலம் போலவே அதுவும் வாரிசுகளுக்குப் போகிறது. உயில் இருந்தால் உயிலின்படி. உயில் இல்லாமல் மறைந்த இந்து ஆண் என்றால் மனைவி, மகன்கள், மகள்கள், அப்போது உயிரோடு இருந்த தாய் எல்லோருக்கும் சமபங்கு. முன்பே இறந்துபோன மகன் அல்லது மகளின் பங்கு அவர்கள் குடும்பத்துக்குப் போகும். மற்ற மதத்தினருக்கு அவரவர் வாரிசுரிமைச் சட்டம்.

'மூத்தவன் நான் கையெழுத்துப் போட்டால் போதாதா?' என்று கேட்பார்கள். போதாது. திருமணமாகிப் போன அத்தையிடமும் அக்காவிடமும் கேட்காமல் விடுவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. சட்டப்படி அது செல்லாது என்பது ஒரு பக்கம். அப்பா எழுதியதில் மகளுக்கும் பங்கு உண்டு, அவர் சம்மதமும் கேட்கப்பட வேண்டும் என்பதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

தேவையான சான்றுகள்: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கையெழுத்திடும் ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகல். வாரிசுச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். சேவைக் கட்டணம் சொற்பம்தான், காத்திருப்புதான் அதிகம். ஆகவே முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். புத்தகத்தில் இருப்பது புனைபெயர், இறப்புச் சான்றிதழில் இருப்பது இயற்பெயர். இரண்டும் ஒருவரே என்று காட்ட ஏதாவது ஒரு தாள் வேண்டும். பின்னட்டையில் இயற்பெயரோடு வந்த ஆசிரியர் குறிப்பு, விருதுச் சான்று, இரண்டு பெயரும் உள்ள ராயல்டிக் கடிதம், பத்திரிகையில் வந்த அஞ்சலிக் குறிப்பு என்று எதுவானாலும் சரி. தலைப்பெழுத்து மாறியிருந்தாலும் இதே ஏற்பாடுதான்.

4. நூலுக்குள் இருக்கும் மற்றவர்களின் உரிமை

அட்டைப்படம் ஓவியருடையது. அணிந்துரை அதை எழுதியவருடையது. உள்ளே வரும் கோட்டோவியங்களும் நிழற்படங்களும் அப்படியே. வாரிசுகள் நீங்கள் அவற்றுக்கு உரிமம் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் செல்லாது.

ஓவியரைத் தெரியும் என்றால் கேளுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருவார்கள். தெரியவில்லை என்றால் அட்டையையும் அணிந்துரையையும் எடுத்துவிட்டு, தலைப்பும் பெயரும் மட்டுமுள்ள எளிய அட்டை போடுங்கள். எடுத்துவிட்டதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். நாட்டுடைமை நூல்களுக்கும் இது பொருந்தும். பாரதியின் பாடல் எல்லோருக்கும் சொந்தம், அண்மையில் ஒருவர் எழுதிய உரையும் அடிக்குறிப்பும் அவருக்குச் சொந்தம்.

5. உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள்

படைப்புகளைப் பொதுவில் பகிர்வதற்கென்றே எழுதி வைத்திருக்கும் ஆயத்த உரிமங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். அவை ஆறு. ஆறிலும் ஆசிரியர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு மேல் 'மாற்றினால் அதே உரிமத்தில் பகிர வேண்டும்', 'வணிகத்துக்குக் கூடாது', 'மாற்றக் கூடாது' என்ற நிபந்தனைகளைச் சேர்த்தும் விட்டும் மற்றவை அமைகின்றன. இவை தவிர, எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்துவிடும் சிசி-ஜீரோவும் உண்டு.

குடும்பங்கள் பெரும்பாலும், பாதுகாப்பு என்று நினைத்து, 'வணிகத்துக்குக் கூடாது' என்பதைத் தேர்ந்தெடுக்கின்றன. நான் வேண்டாம் என்பேன். விக்கிமீடியா தளங்கள் அந்த உரிமத்தை ஏற்பதில்லை, 'மாற்றக் கூடாது' என்பதையும் ஏற்பதில்லை. அதைவிட முக்கியம், நூறு படி அச்சிட்டு அடக்க விலைக்கு மேல் கொஞ்சம் வைத்து விற்க முன்வரும் சிறு பதிப்பாளரையும் அது தடுத்துவிடும். பதிப்பில் இல்லாத நூலுக்கு மறுபதிப்பு போட ஒருவர் வருவது நல்ல செய்தி, அதற்கு நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?

எங்கள் தேர்வு ஆட்ரிபியூஷன்-ஷேர்அலைக் 4.0. அதாவது பெயர் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் தர வேண்டும். 'நாளைக்கு யாராவது படமெடுத்தால்?' என்ற கேள்வி எல்லாக் குடும்பங்களிலும் வரும். இந்த உரிமத்தின்படி எடுத்தால் அந்தப் படத்தையும் இதே உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். அதை விரும்பாத தயாரிப்பாளர் உங்களிடம் வந்து தனி ஒப்பந்தம் போட்டுத்தான் ஆக வேண்டும். உரிமை இன்னும் உங்களுடையதுதான், பொது உரிமத்தோடு கூடவே தனி ஒப்பந்தமும் போடலாம். இதை விளக்கிச் சொன்னதும் எங்கள் வீட்டில் தயக்கம் நீங்கியது.

கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. இதை எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எல்லா நூல்களையும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. தயக்கம் உள்ளதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொடுக்கலாம்.

6. சம்மதக் கடிதம்

'எங்கள் நூல்களை விக்கியில் வைக்க அனுமதிக்கிறோம்' என்று எழுதிய கடிதம் பொதுவகத்திலிருந்து திரும்பி வரும். ஒரு தளத்துக்கு மட்டும் கொடுக்கும் அனுமதி கட்டற்ற உரிமம் ஆகாது. உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். கீழே உள்ள வாசகத்தை எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்:

'கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள், எழுத்தாளர் ____ (இயற்பெயர் ____) அவர்களின் சட்டப்படியான வாரிசுகள் அனைவரும் ஆவோம். இணைப்பிலுள்ள நூல்களின் பதிப்புரிமை எங்களிடமே உள்ளது. வேறு யாருக்கும் மாற்றித் தரப்படவில்லை. இந்நூல்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன்-ஷேர்அலைக் 4.0 பன்னாட்டு உரிமத்தில் வெளியிடச் சம்மதிக்கிறோம். இந்த உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு யாரும் இவற்றை வணிக நோக்கம் உட்பட எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்பதையும், உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அறிந்தே கையெழுத்திடுகிறோம்.'

இணைப்பில் ஒவ்வொரு நூலின் தலைப்பு, முதல் பதிப்பு ஆண்டு, பதிப்பகம் ஆகியவற்றை எழுதுங்கள். 'எல்லா நூல்களும்' என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் கட்டாயமில்லை. நோட்டரி கையெழுத்து இருந்தால் பின்னாளில் கேள்வி வராது, சில நூறு ரூபாய்தான் ஆகும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதே வாசகத்தில் தனித்தாளில் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து தங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பட்டும். கடிதம் தமிழில் இருக்கலாம். கீழேயே ஆங்கில வாசகமும் சேர்த்தால் சரிபார்ப்பவர் கிடைப்பது எளிது.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். தேவையில்லை. எழுதியதுமே உரிமை உண்டாகிவிடுகிறது. இலக்கிய நூலுக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், இடைத்தரகர்கள் பல மடங்கு கேட்பார்கள். அந்தப் பணத்தை ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூல்களுக்குத் தரப்படும் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னும் இதற்குக் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் இந்தியாவில் அது இலவசம்.

7. ஸ்கேனும் எழுத்துணரியும்

வீட்டில் பிரதி இல்லாத நூல்களுக்குச் சென்னை கன்னிமாரா நூலகத்தில் தேடுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியப் பதிப்பாளர்கள் தங்கள் நூலின் ஒரு படியை அங்கே அனுப்ப வேண்டும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஏற்கெனவே ஸ்கேன் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

300 டிபிஐ, சாம்பல் நிற வண்ணநிலை போதும். வெற்றுப் பக்கங்களையும் பதிப்புரிமைப் பக்கத்தையும் விடாதீர்கள். இலவசக் கைபேசிச் செயலிகள் பக்கத்தின் ஓரத்தில் தங்கள் முத்திரையைப் பதிக்கும், கவனம். இரண்டு பிரதி இருந்தால் மட்டுமே தையலைப் பிரித்து ஸ்கேன் செய்யுங்கள். கோணல்களை நேராக்க ஸ்கேன் டெய்லர் என்ற கட்டற்ற மென்பொருள் நன்றாக உதவும். கடையில் கொடுத்தால் பக்கக் கணக்கில் கேட்பார்கள், மாதிரிக்குப் பத்துப் பக்கம் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

ஸ்கேன் படத்தில் உள்ளதைத் திருத்தக்கூடிய எழுத்தாக மாற்றுவது எழுத்துணரி (ஓசிஆர்). அதற்கு டெசராக்ட் என்ற மென்பொருள், அல்லது கூகுள் டிரைவில் பிடிஎஃபை டாக்ஸாகத் திறப்பது. நூல்களை எழுத்து வடிவில் தரும் விக்கித் தளமான விக்கிமூலத்துக்குள்ளேயே இதற்கு ஒரு பொத்தான் உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் பழைய ணை, லை, றா வடிவங்களில் பிழைகள் கூடும், மெய்ப்பு பார்க்க அதிக நேரம் ஒதுக்குங்கள். பதிப்பகத்திலிருந்து பழைய பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பு கிடைத்தால் என்எச்எம் கன்வர்ட்டர் அல்லது ஓபன்-தமிழ் நிரலகத்தால் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றலாம். மின்னூல் செய்யும்போது நோட்டோ, லோகித், மீரா இனிமை போன்ற கட்டற்ற எழுத்துருக்களையே பயன்படுத்துங்கள்.

8. பதிவேற்றம்

முதலில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம். கணக்கு இலவசம், பதிவேற்றும் படிவத்திலேயே உரிமத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அன்றைக்கே முடியும் வேலை. மின்னூலாக்கி வெளியிட, இலவசத் தமிழ் மின்னூல்களை வெளியிடும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினரிடம் சம்மதக் கடிதத்தோடு கொடுக்கலாம்.

அப்புறம் விக்கிமீடியா பொதுவகம். கோப்பை ஏற்றி, அனுமதி நிலுவையில் உள்ளது என்ற வார்ப்புருவை (ஆயத்தக் குறிப்பு) அதன் பக்கத்தில் இடுங்கள். அதே நாளில் பொதுவகத்தின் அனுமதி மின்னஞ்சல் முகவரிக்குக் கடிதத்தையும் சான்றுகளையும், கோப்புகளின் இணைப்புகளோடு அனுப்புங்கள். வாரிசுகளில் ஒருவரே அனுப்புவது நல்லது. நண்பர் அனுப்பினால் மறுபடி உங்களிடம் கேட்டு எழுதுவார்கள். ஆதார் எண்ணை மறைத்துவிடுங்கள். கடிதத்தைப் பொதுவகத்திலேயே படமாக ஏற்றிவிடாதீர்கள், வீட்டு முகவரியும் கையெழுத்தும் உலகத்துக்கே தெரியும்.

உடனே ஒரு டிக்கெட் எண்ணோடு தானியங்கிப் பதில் வரும். மேற்கொண்டு எழுதுவதெல்லாம் அதே மின்னஞ்சல் தொடரில் இருக்கட்டும். புதிதாக வேறு மின்னஞ்சல் தொடங்கினால் வரிசையில் பின்னால் போவீர்கள். சரிபார்ப்பவர்கள் தன்னார்வலர்கள், பதில் வர வாரங்கள் ஆகலாம். 30 நாட்களுக்குள் முடியவில்லை என்றால் கோப்பு நீக்கப்படக்கூடும். பதறி மறுபடி ஏற்ற வேண்டாம். அனுமதி உறுதியானதும் அதே கோப்பை அவர்களே மீட்டுத் தருவார்கள்.

அனுமதி வந்த பிறகு தமிழ் விக்கிமூலத்தில் நூலுக்கு அட்டவணைப் பக்கம் (நூலின் எல்லாப் பக்கங்களையும் வரிசையாகக் காட்டும் பக்கம்) உருவாக்குங்கள். எழுத்துணரி கொடுத்த பக்கங்கள் சிவப்பில் இருக்கும். ஒருவர் மெய்ப்பு பார்த்தால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. நீங்கள் மஞ்சளாக்கிய பக்கத்தை நீங்களே பச்சையாக்க முடியாது. ஆகவே கையெழுத்து வாங்கப் போகும்போதே அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு விக்கிக் கணக்கு தொடங்கிக் கொடுத்துவிடுங்கள்.